மூலம்டாக்டர் டாட் காம்

பிப்ரவரி 9

அக்கா,

நேற்று நான் பெயரைச் சொன்னதும் போனை வைத்துவிட்டாய். மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அத்தானுக்கு அடித்தேன். “அவ கோவமா இருக்கா. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு, படிச்சுக்குவா” என்று சொல்லி அவரும் வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். டாக்டர் கையெழுத்து, தலைமையாசிரியையான நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போனில் நீ பாதிதான் கேட்டாய். முதலிலிருந்து சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஒன்றில் நான், இன்னொன்றில் காத்திருப்பவர்கள். படிக்கட்டு குறுகல்தான். ஆனால் வாசல் சந்துப் பக்கம் பார்த்திருக்கிறது. யார் ஏறுகிறார்கள் என்று தெருவிலிருந்து தெரியாது. என்னிடம் வருகிறவர்களுக்கு ஏசியைவிட அது பெரிய வசதி.

அடுத்தது வெப்சைட். அதைச் செய்து தருகிற பெண் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, “டொமைன் பேரு, அதான் வெப்சைட் முகவரி, என்ன டாக்டர்? அது முடிவானாத்தான் மத்ததெல்லாம்” என்றாள். என் பெயரையே வைக்கலாம் என்று பார்த்தோம். அந்தப் பெயரில் சமையலறை அலமாரி செய்கிற ஒருவர் ஏற்கெனவே கடை விரித்திருக்கிறார். என் படிப்பின் பெயரை வைக்கலாம் என்றால், அதை ஆங்கிலத்தில் அடிக்கும்போது அவளுக்கே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எழுத்து வந்தது. ரத்தம் போகிற பயத்தில் போனைப் பிடித்திருக்கிறவர் எப்படி அடிப்பார்?

அன்று காத்திருந்தவர்களிடம், என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு அம்மா சொன்னார்: “டாக்ஸிக்காரர்கிட்ட மூலம் டாக்டர்னேன். நேரா கொண்டாந்து விட்டுட்டாரு.”

அவ்வளவுதான் அக்கா. ஊர் எனக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டது. நான்தான் இத்தனை நாள் காதில் வாங்கவில்லை. மூலம்டாக்டர். அதைத்தான் உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னேன். வெப்சைட் பெண் போட்டுக் காட்டிய மாதிரிப் பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

நீ போனை வைத்ததற்காக நான் பெயரை மாற்றப்போவதில்லை.

உன்
பொடிசு


பிப்ரவரி 17

பொடிசு,

கடிதம் வந்தது. கையெழுத்து நீ சொன்னதைவிட மோசம்.

நீ குடல் அறுவை சிகிச்சை படித்தபோது இந்த வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொன்னோமா? பெண்களைப் பார்க்கிற டாக்டராகப் போ, குழந்தை டாக்டராகப் போ என்று ஊரே சொன்னது. நான் மட்டும்தான் “அவ இஷ்டம்” என்றேன். அதை மறந்துவிட்டாய். நீ என்ன வைத்தியம் வேண்டுமானாலும் பார். அதைப் பலகையில் எழுதித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நாகரிகமாக எத்தனை பெயர் இருக்கிறது. “நலம்” என்று வை. “இதம்” என்று வை. ஒரு பூவின் பெயரை வை. வேண்டியவர்கள் விசாரித்து வருவார்கள். நீயோ அப்பாவின் முன்னெழுத்தையும் நம் குடும்பப் படத்தையும் போட்டு, மேலே அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் வைக்கப்போகிறாய். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன், உன் அத்தானும் இருக்கிறார்.

இன்னொன்று, உனக்குத் தெரியாது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத் தேர்தல் வருகிறது. உன் அத்தான் தலைவர் பதவிக்கு நிற்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் இத்தனை வருஷமாக மேனேஜராக இருக்கிறவருக்கு, தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட்டும் ஒழுங்காக ஓட வேண்டும் என்று ஒரு ஆசை. எதிர்த்து நிற்பவர் மூன்றாம் மாடி வக்கீல். அந்த ஆளுக்கு வாயில் நாக்கு இல்லை, ஊசி இருக்கிறது. அவர் கையில் இது கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?

உன் அத்தானிடம் சொன்னேன். செய்தித்தாளைக்கூட இறக்காமல், “உடனே நிறுத்தச் சொல்லு. வெளியில தல காட்ட முடியாது” என்றார். அவர் எதற்கும் இப்படிப் பேசுகிறவர் இல்லை என்பது உனக்கே தெரியும்.

பெயரை மாற்று. பிறகு போனை எடுக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

பூப்பெயர் வைத்தால் பூக்கடை என்று நினைத்துப் பூச்செண்டு கேட்பார்கள். “இதம்” என்று தேடிப் பார்த்தேன், மெத்தை விற்கிறார்கள்.

குடும்பப் படத்தை எடுத்துவிடுகிறேன். அதில் நீ சொல்வது நியாயம், உங்களைக் கேட்காமல் போட்டிருக்கக் கூடாது. அப்பாவின் முன்னெழுத்தை எடுக்க மாட்டேன். அது என் பெயரோடு வந்தது.

வேண்டியவர்கள் விசாரித்து வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். யாரிடம் விசாரிப்பார்கள் அக்கா? போன மாதம் துணிக்கடையில் கல்லாவில் உட்காருகிற ஒருத்தி வந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக ரத்தம் போயிருக்கிறது. கணவரிடம் சொல்லவில்லை, கூடப் பிறந்தவளிடம் சொல்லவில்லை. “ஏன்ம்மா சொல்லல?” என்று கேட்டேன். “எப்படி டாக்டர் சொல்றது, அதப் போயி?” என்றாள். அவளுக்கு மூலம் இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம். இப்போது எங்களால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால், முடியாதது என்று ஒன்றுமே இருந்திருக்காது.

ரத்தம் போகிறவர் எவருக்கும் முதலில் தோன்றுகிற சொல் மூலம்தான். அது மூலமா, வேறு ஒன்றா என்று பார்ப்பது என் வேலை. அவர்கள் முதலில் வாசல்வரை வர வேண்டும். கதவைத் தனியாகப் பூட்டிக்கொண்டு, போனில் அவர்கள் அடிக்கிற சொல் எதுவோ அதுதான் என் வாசல்.

இந்தப் பெயருக்கு வால் வைத்த கதையையும் கேள். வெப்சைட் பெண் டாட் காமோடு நிற்கவில்லை. இப்போது விதவிதமாக வந்திருக்கிறதாம். “மூலம் டாட் டாக்டர்னு வாங்கிடலாம், டாட் கிளினிக் கூட இருக்கு. எவ்ளோ சுருக்கமா அழகா இருக்கு பாருங்க” என்றாள். அழகாகத்தான் இருந்தது. நான் காத்திருப்பவர்களிடம் போய், வாயால் ஒரே ஒரு தடவை சொல்லி, அடித்துக் காட்டச் சொன்னேன். எல்லோரும் சரியாக அடித்தார்கள். அடித்துவிட்டு, ஏதோ குறைகிறதே என்று ஒரு நொடி பார்த்து, கடைசியில் டாட் காமையும் சேர்த்தார்கள். ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மட்டும் அடிக்கவே இல்லை. “டாட் காம் இல்லாத வெப்சைட்டா? ஏதோ ஏமாத்து வேல மாதிரி இருக்கேம்மா” என்றார். வெப்சைட் பெண் தன் பட்டியலை மூடிவைத்தாள்.

ஆகவே மூலம்டாக்டர் டாட் காம். நடுவில் கோடு இல்லை, எண் இல்லை. ஆங்கிலத்தில் ‘மூ’வைச் சிலர் இரண்டு ஓ போட்டு எழுதுகிறார்கள், சிலர் ஒரு யூ போட்டு எழுதுகிறார்கள். இரண்டையும் வாங்கி, எதை அடித்தாலும் ஒரே பக்கம் திறக்கும்படி செய்துவிட்டேன். அவள் தன் பெயரில் பதிந்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று என் பெயரிலேயே பதிந்துகொண்டேன். நாளைக்கு யார் கோபித்துக்கொண்டாலும் அது என் கையில்தான் இருக்கும்.

இன்று காலையிலிருந்து ஓடுகிறது. அத்தானுக்கு வாழ்த்துகள் சொல். லிஃப்ட் ஓடட்டும்.

பொடிசு


மார்ச் 20

பொடிசு,

நடக்கும் என்று சொன்னது நடந்துவிட்டது.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாம் மாடி வக்கீல் உன் வெப்சைட்டைப் போட்டார். கீழே ஒரு வரி: “நமது தலைவர் வேட்பாளரின் மைத்துனி. சங்கத்தின் பின்புலம் இனி வலுவாக இருக்கும்.” வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். உட்கார நாற்காலி வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். என்னோடு தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவளும் ஒரு பொம்மை போட்டிருந்தாள்.

உன் அத்தானும் அதைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. “அந்த வக்கீல நாலு வார்த்தை கேளுங்க” என்றேன். “விடு” என்றார். அதற்குப் பிறகு அவர் அவராக இல்லை. தட்டில் வைத்தது தட்டிலேயே இருக்கிறது. தேர்தல் நோட்டீசைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனிதரை இப்படி உடைத்துப் போட்டுவிட்டாயே என்று எனக்கு வயிறு எரிகிறது.

போன வாரம் கம்பெனித் தணிக்கை என்று உன் ஊருக்கு வந்தார். தங்கச்சியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “எனக்கு எங்க நேரம்” என்றார். இந்த வாரமும் கிளம்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் அந்த ஊர்க் கிளைக்கு அவர் தணிக்கைக்குப் போனதே கிடையாது.

நேராகக் கேட்கிறேன். உன்னிடம் வந்தாரா? வந்து சண்டை போட்டாரா? நீ உன் வாயால் ஏதாவது சொல்லி அனுப்பினாயா? உன் வாய் எனக்குத் தெரியும்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. சொல்லவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதே. யார் என்னிடம் வந்தார், யார் வரவில்லை என்று யார் கேட்டாலும் இதுதான் என் பதில். நீ கேட்டாலும்.

இதை எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். கோபமாக எழுதுவது எனக்குச் சுலபம். இன்றைக்கு அதுவும் வரவில்லை.

வக்கீலின் நகைச்சுவையைப் படித்தேன். அவர் போட்டதிலிருந்து உங்கள் பகுதியிலிருந்து நிறையப் பேர் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார்கள் என்று வெப்சைட் பெண் காட்டினாள். சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு, தனியாகப் போய்க் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பெயரை எடுக்கச் சொல்லி நீ இன்னும் பத்துக் கடிதம் எழுதினாலும் எடுக்க மாட்டேன் அக்கா. முன்பு பிடிவாதத்தில் சொன்னேன். இப்போது தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

அத்தானைக் குடையாதே. கொஞ்ச நாள் அவர் போக்கில் விடு.

பொடிசு


ஏப்ரல் 11

நீ எனக்குத் தங்கையா, இல்லை யாரோ ஒரு டாக்டரா?

நேற்று சாயங்காலம் அவர் பால்கனியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். “கோவிச்சுக்காம கேளு” என்று ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்ததே இல்லை. வேலையை விட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்.

போன மழைக்காலத்திலிருந்தே ரத்தம் போயிருக்கிறது. என்னோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஏங்க எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டால், “சொல்ல ஒரு வார்த்த கெடைக்கல” என்கிறார். வக்கீல் அந்த வெப்சைட்டைப் போட்ட அன்று, எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று பார்க்கத்தான் குளியலறைக்குள் கொண்டுபோனாராம். உள்ளே நீ கேள்விகள் போட்டிருக்கிறாயாமே, ரத்தம் போகிறதா, எடை குறைகிறதா, யாரிடமாவது சொன்னீர்களா என்று. “எல்லாத்துக்கும் மனசுக்குள்ளயே பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு வந்ததும் அங்கயே நேரம் வாங்கிட்டேன்” என்றார்.

தணிக்கையாம். மண்ணாங்கட்டித் தணிக்கை. உன் அறையில் உட்கார்ந்திருக்கிறார், பரிசோதனை நடந்திருக்கிறது, கட்டி என்று தெரிந்திருக்கிறது. அதை எடுத்தும் ஆயிற்று. நான் இங்கே பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடிக்காரனை வைதுகொண்டிருந்தேன். உனக்கு என்னென்ன எழுதினேன் என்று நினைத்தால் கூசுகிறது. அதைப் படித்துக்கொண்டு நீ வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய்.

அவரை மேஜை மேல் படுக்க வைத்தபோது வெளியே நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அதை மட்டுமாவது சொல்.


ஏப்ரல் 16

அக்கா,

நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

சொந்தக்காரருக்கு நான் கத்தி எடுப்பதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டரிடம் ஒப்படைத்தேன். அத்தான் உள்ளே இருந்த நேரம் முழுவதும், மற்றவர்களின் அண்ணன் தம்பிகளோடு நானும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் டாக்டர் இல்லை.

இப்போது எல்லாவற்றையும் உனக்கு எழுதச் சொல்லி அத்தானே போனில் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். முதல் நாள் வேறு ஏதோ ஒரு பெயரில் நேரம் வாங்கியிருந்தார். கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றார். நான் எழுந்து, “வாங்க அத்தான்” என்றேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பேச வேண்டியதைக்கூடத் தயார் செய்துவிட்டேன். அவர் உட்காரவில்லை. “நான் பேஷண்ட்டா வந்திருக்கேன். ஒங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, போயிடறேன்” என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? அக்காவிடம் சொல்வேன் என்றிருந்தால் அந்தக் குறுகலான படிக்கட்டில் இறங்கிப் போயிருப்பார். அடுத்து எப்போது, யாரிடம் வந்திருப்பார்? ஒவ்வொரு தடவையும் “அக்காகிட்ட சொல்லுங்க அத்தான்” என்று அவரைப் பிடுங்கியெடுத்தேன். அதற்கு மேல் என் கையில் இல்லை. என்னை நம்பி வந்தவருடைய வார்த்தையை உனக்காகக்கூட உடைக்க மாட்டேன். நாளைக்கு நீயே வந்து அத்தானிடம் சொல்லாதே என்றால், அவர் என் காலில் விழுந்தாலும் சொல்ல மாட்டேன். என்மேல் கோபப்படு. வருஷக்கணக்கில் வேண்டுமானாலும் பேசாமல் இரு. இதற்கு மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

அவருக்கு மூலம் இல்லை. கட்டி சின்னது. பொல்லாத வகையாக மாறத் தொடங்கியிருந்தது, வேர் விடவில்லை. முழுவதும் எடுத்தாயிற்று, வெட்டிய ஓரங்களில் எதுவும் மிச்சமில்லை என்று அறிக்கை வந்துவிட்டது. ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னும் ஒரு வருஷம் வார்த்தை கிடைக்காமல் தவித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, “பேர மாத்தச் சொன்னேன்ல, மாத்திராத” என்றார்.

பொடிசு


மே 6

பொடிசு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம்தான். பாதி உன்மேல், மீதி என்மேல். அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். உடம்பு தேறட்டும், இந்தத் தேர்தல் வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் வக்கீல் பேசினார். கழிவுநீர்க் குழாய் அடைப்பைப் பற்றிச் சொல்லும்போது, “இதுக்கு எதிர் வேட்பாளர் வீட்லயே ஸ்பெஷலிஸ்ட் இருக்காங்க” என்றார். சிரிப்பு எழுந்தது.

உன் அத்தான் மைக்கை வாங்கினார்.

“ஆமா, இருக்காங்க. மூலம் டாக்டர். என் மனைவியோட தங்கச்சி. நீங்க குரூப்ல போட்டப்பத்தான் நான் அந்த வெப்சைட்டையே முழுசா படிச்சேன். அதுக்கு ஒங்களுக்கு நன்றி சொல்லணும் சார். மாசக்கணக்கா ரத்தம் போயிட்டிருந்துச்சு, பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. இப்ப கட்டிய எடுத்தாச்சு. நல்லா இருக்கேன். இங்க உக்காந்திருக்கிறவங்கள்ல யாருக்காவது அந்த மாதிரி இருந்தா, சிரிச்சு முடிச்சுட்டு மேல போயி அந்த வெப்சைட்டப் பாருங்க. இப்ப தண்ணித் தொட்டி விஷயத்துக்கு வரேன்.”

அப்படியே தொட்டிக்கு வந்துவிட்டார் மனிதர். வக்கீல் காகிதத்தைப் புரட்டுவது போல் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. உட்காரத் தோன்றாமல் கூட்டம் முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தேன்.

தோற்றுவிட்டார். வக்கீல்தான் தலைவர். உன் அத்தானுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. அன்று முதல் எங்கள் வீட்டு மணி அடிக்கிறது. பெரும்பாலும் ஆண்கள். சர்க்கரை வாங்க வந்ததுபோல் வந்து, நின்று, கடைசியில் உன் முகவரியைக் கேட்கிறார்கள். கூடத்தில் நின்று தாழ்ந்த குரலில் கேட்பவர்களுக்கு நான் உரக்கத்தான் சொல்கிறேன். மூலம்டாக்டர் டாட் காம். மாடிப்படிவரை கேட்கும். கேட்கட்டும்.

நேற்று ஆசிரியர் அறைப் பலகையிலும் எழுதிப் போட்டேன். துணைத் தலைமையாசிரியர் வந்து, “இது இங்க வேணுமா மேடம், பசங்க பாத்தா?” என்றார். “பாக்கட்டும். அவங்க வீட்லயும் அப்பா அம்மா இருக்காங்க” என்றேன்.

இன்னும் ஒன்று. ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உன் வெப்சைட்டில் போட்டிருக்கிறாய். எனக்கு என்ன வயது என்று உனக்குத் தெரியும். அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். தங்கை என்று சலுகை வேண்டாம், வரிசையில்தான் உட்காருவேன். பெயர் கேட்ட இடத்தில் என் முழுப்பெயரையும், பள்ளிக்கூடத்தின் பெயரையும், பதவியையும் போட்டிருக்கிறேன். வரும்போது கூப்பிடச் சொல். அந்த அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிடச் சொல்.

அக்கா